சாவி நம்ம கையில... கதவு?

(தலைப்பு: ஓய்வுக் காலத்துக்கு அயல்நாட்டில் சொந்த வீடு வாங்குவது நிம்மதியா? தொல்லையா? ‘தொல்லையே’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, ‘நிம்மதி’ என்று வாதாட வந்து நம்முடைய நிம்மதியைக் கெடுத்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே (சிரிப்பு), வீட்டில் சமையலை முடித்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, முடிக்காமல் வந்திருக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால பேசின அம்மா எவ்வளவு அழகாப் பேசினாங்க! கடற்கரை, பால்கனி, காலையில ஒரு காபி, பக்கத்துல யாருமே கிடையாது, தொந்தரவே இல்லைன்னாங்க. நான் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். மூணாவது வரிசையில உட்கார்ந்து அவங்க கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டிருக்காங்க. ஐயா, இந்தப் பட்டிமன்றம் முடிஞ்சு நான் வீட்டுக்குப் போகணும். (சிரிப்பு) அதனால இன்னிக்கு நான் பேசறது அணிக்காக மட்டும் இல்லை, என் பி.எஃப். பணத்துக்காகவும்தான்.

நடுவர்: பி.எஃப்.ல எவ்வளவு இருக்கு?

அதைச் சொன்னா எதிரணி என்கிட்ட புரோக்கரை அனுப்பிடும் ஐயா! (கைதட்டல்)

உண்மையிலேயே ஒரு தடவை போனோம். சென்னையில ஒரு பெரிய ஹோட்டல்ல வெளிநாட்டு வீட்டுக் கண்காட்சி. ‘அனுமதி இலவசம்’னு பேப்பர்ல போட்டிருந்தான். இலவசம்னா நாம விடுவோமா? குளிர்சாதன ஹால், வாசல்லயே பாதாம் பால். கோட்டு போட்ட தம்பி ஒருத்தர் வந்து, “சார், எத்தனை யூனிட் பார்க்கறீங்க?”ன்னு கேட்டாரு. நான், “ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டாம பார்த்துக்கறோம் தம்பி”ன்னேன். (பலத்த சிரிப்பு) அவர் கேட்டது வீட்டை. நான் சொன்னது கரண்ட் பில்லை. அவங்க பாஷையில வீடுன்னா யூனிட்டாம்.

ஒரு பொம்மைக் கட்டடத்தைக் காட்டினாரு. குட்டிக் குட்டி மரம், குட்டிக் கார், நீலக் கண்ணாடியில கடல். “இதுல உங்க வீடு பதினெட்டாவது மாடி சார்”னாரு. “கட்டிட்டீங்களா?”ன்னேன். “இன்னும் மூணு வருஷத்துல எழும்பிடும்”னாரு.

நடுவர் அவர்களே, நம்ம ஊர்ல ஒரு அரை கிரவுண்ட் வாங்க நாம என்ன பாடு படறோம்! மூலப்பத்திரம், தாய்ப்பத்திரம், பட்டா, சிட்டா, முப்பது வருஷத்துக்கு வில்லங்கம், வக்கீல் அபிப்பிராயம். இவ்வளவும் சரியா இருந்தாக்கூட, மாமியார் வந்து ஈசான்ய மூலை மேடா இருக்குன்னு சொன்னா அட்வான்ஸைத் திரும்ப வாங்கிட்டு வந்துடறோம். ஆனா கடல் தாண்டி இருக்கிற வீட்டை மட்டும் ஒரு வழவழப்பான புத்தகத்தைப் பார்த்து வாங்கறோம். அந்தப் புத்தகத்துல எல்லாப் பக்கத்துலயும் ஒரு குழந்தை பலூனைப் பிடிச்சிக்கிட்டு ஓடுது. ரிடையர் ஆகப் போற நமக்கு எதுக்குய்யா பலூன்? (சிரிப்பு)

அந்தத் தம்பிகிட்ட நான் மூணே கேள்விதான் கேட்டேன். இந்த வீட்டை வாங்கினா இதுலயே கடைசிவரைக்கும் குடியிருக்க அந்த நாடு என்னை விடுமா? வேணாம்னு தோணினா விற்க முடியுமா? நான் கண்ணை மூடிட்டா இது யாருக்குப் போகும், எப்படிப் போகும்? தம்பி சிரிச்சிட்டே, “சார், நெகட்டிவ்வா யோசிக்காதீங்க”ன்னாரு. பாதாம் பால் டம்ளரை வாங்கிட்டுப் போயிட்டாரு.

அவர் பதில் சொல்லாத அந்த மூணு கேள்விதான் என் கட்சி.

முதல் கேள்வியில ஆரம்பிக்கிறேன். நமக்கு ஒரு பழக்கம் இருக்கு. பத்திரம் நம்ம பேர்ல இருந்தா அந்த இடத்துல நாம இருக்கலாம்னு நினைச்சுக்கறோம். கும்பகோணத்துல அது சரி. அயல்நாட்டுல வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்கிற அலுவலகம் ஒண்ணு, ஆளை இருக்க விடற அலுவலகம் இன்னொண்ணு. முதல் அலுவலகம் கொடுத்த காகிதத்தை ரெண்டாவது அலுவலகத்துல நீட்டினா, “ரொம்ப சந்தோஷம், விசா எங்கே?”ன்னு கேட்பான். நம்ம வீட்டுக்கு நாமே விருந்தாளியாப் போகணும். அதுவும் எத்தனை நாள் தங்கலாம்னு அவன் முத்திரை குத்தி அனுப்புவான்.

அமெரிக்காவையே எடுத்துக்குங்க. மகன் நியூஜெர்சியில இருக்கான். “அப்பா, நீங்க ரெண்டு பேரும் இங்கேயே பக்கத்துல ஒரு வீடு வாங்கிடுங்க”ங்கிறான். பாசமான பையன். ஆனா அங்கே ஒரு வீடு இல்லை, ஒரு தெருவையே வாங்கினாலும் அதுக்காகக் குடியிருக்க விசா கிடையாது. பார்வையாளர் விசாவுல போனா ஒரு தடவைக்கு வழக்கமா ஆறு மாசம். மீதி ஆறு மாசம் வீடு யாருக்காக? புல் வளரும், அதை வெட்டணும். பனி விழும், அதை அள்ளணும். சொத்து வரி கட்டணும். அமெரிக்காவுலயே சொத்து வரி அதிகமான மாநிலங்கள்ல ஒண்ணு நியூஜெர்சி.

அதோட போகலை. அந்த ஊர்க்காரங்க இறந்தா ஒரு கோடி டாலருக்கு மேல சொத்து இருந்தாத்தான் மத்திய அரசு மரண வரி. அந்த ஊர்ல குடியில்லாத வெளிநாட்டுக்காரர் இறந்தா வரிவிலக்கு எவ்வளவு தெரியுமா? 60,000 டாலர்தான். அதுக்கு மேல இருக்கற மதிப்புக்கு 40 சதவீதம் வரைக்கும் போகலாம். அப்பா வீடு வாங்கிக் கொடுத்துட்டுப் போனார்னு மகன் அழுவானா, வரி கட்டணுமேன்னு அழுவானா? (சிரிப்பு) சிரிக்கறீங்க. பையன் பேர்லயே வாங்கச் சொல்லிட்டா பாதிப் பிரச்னை தீர்ந்தது. ஆனா நம்ம அப்பாக்களுக்குத் தன் பேர் பத்திரத்துல இருந்தாத்தானே தூக்கம் வரும்!

தாய்லாந்துல வேற கதை. வெளிநாட்டுக்காரர் அங்கே மண் வாங்க முடியாது. அடுக்குமாடி வாங்கலாம். அதுலயும் ஒரு கட்டடத்தோட மொத்த வீட்டுப் பரப்புல 49 சதவீதத்துக்கு மேல வெளிநாட்டார் கையில இருக்கக் கூடாதுன்னு சட்டம். ரிடையர் ஆனவங்களுக்கு விசா வேணும்னா, வயசு 50 ஆகியிருக்கணும், பேங்குல 8 லட்சம் பாட் போட்டிருக்கணும், இல்லேன்னா மாசம் 65,000 பாட் வருமானம் காட்டணும். கவனிச்சீங்களா? அந்தப் பட்டியல்ல வீடு இல்லவே இல்லை. வாடகை வீட்டுல இருக்கறவனுக்கும் அதே விசா. சொந்த வீடு வாங்கினவனுக்கும் அதே விசா.

எதிரணித் தலைவர் எழுந்திருக்கப் பார்க்கறாரு. அவர் சொல்ல வர்றது எனக்குத் தெரியும். “வீடு வாங்கினா விசா கொடுக்கிற நாடும் இருக்கே!” இருக்கு ஐயா. நான் மறைக்கலை. ஆனா அந்தச் சட்டம் எத்தனை நாளைக்கு அப்படியே இருக்கும்?

நமக்குப் பக்கத்து நாடு மாதிரி மலேசியா. அங்கே நம்ம சொந்தக்காரங்க இருக்காங்க, இட்லி கிடைக்கும், பத்துமலை முருகன் இருக்கார். 2002லேருந்து ‘மலேசியா என் இரண்டாவது வீடு’ன்னு ஒரு திட்டம் நடத்தினாங்க. பேரைக் கேட்டாலே மனசு இளகுது. வெளிநாட்டுலேருந்து மாசம் 10,000 ரிங்கிட் வருமானம் காட்டணும்னு இருந்தது. 2020ல திட்டத்தை நிறுத்தி வெச்சாங்க. 2021ல மறுபடி திறந்தப்போ மாசம் 40,000 ரிங்கிட்னுட்டாங்க. நாலு மடங்கு! ஏற்கெனவே வீடு வாங்கிக் குடியிருந்த பெரியவங்க எல்லாம், ‘இது நமக்கும் பொருந்துமா, மூட்டை கட்டணுமா’ன்னு கலங்கிப் போயிட்டாங்க. அப்புறம் பழையவங்களுக்கு விலக்கு கொடுத்தாங்க. ஆனா அந்தச் சில மாசம் எழுபது வயசுக்காரர் ஒருத்தர் எப்படித் தூங்கியிருப்பார்?

2024ல மறுபடி மாத்தினாங்க. இப்போ வீடு வாங்கியே ஆகணும். கீழ்ப்படியில இருக்கிற வெள்ளிப் பிரிவுக்கு 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடு வாங்கணும், அதுபோக ஒன்றரை லட்சம் அமெரிக்க டாலர் டெபாசிட். விசா எத்தனை வருஷம்? அஞ்சு. வாங்கின வீட்டை எத்தனை வருஷத்துக்கு விற்கக் கூடாது? பத்து! (சிரிப்பு) பெரிய வீடா மாத்திக்கலாம், வித்துட்டு வர முடியாது. அஞ்சு வருஷம் கழிச்சு விசா புதுப்பிக்கறதுக்கு முருகன்தான் துணை.

மத்த நாட்டையெல்லாம் வேகமாச் சொல்லிடறேன், நடுவர் மணியைத் தொட்டுப் பார்க்கறாரு. சிங்கப்பூர்ல வெளிநாட்டுக்காரர் வீடு வாங்கினா, மத்தவங்க கட்டற முத்திரை வரிக்கு மேல கூடுதலா ஒரு வரி. 2011 டிசம்பர்ல 10 சதவீதமா ஆரம்பிச்சாங்க. 2023 ஏப்ரல்ல அது 60 சதவீதம். கனடா 2023லேருந்து வெளிநாட்டார் வாங்கறதுக்கே தடை போட்டுச்சு. ஆஸ்திரேலியா 2025 ஏப்ரல்லேருந்து ரெண்டு வருஷத்துக்குப் பழைய வீடுகளை வாங்கக் கூடாதுன்னுச்சு. போர்ச்சுகல் வீட்டுக்கு விசா கொடுத்ததை 2023ல நிறுத்திச்சு, ஸ்பெயின் 2025ல நிறுத்திச்சு. அந்தந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு வீடு கிடைக்கலை, விலை ஏறிப்போச்சு, அதனால கதவைச் சாத்தறாங்க. அதுல எனக்குக் கோபமே இல்லை. நம்ம ஊர்ல வெளியூர்க்காரன் வந்து நிலத்தை வாங்கி விலையை ஏத்தினா நாம சும்மா இருப்போமா?

‘பயமுறுத்தறான், நம்ம ஆளுங்களுக்குத்தான் விவரம் தெரியாது’ன்னு நினைப்பீங்க. இதுல கரை கண்டவங்க பிரிட்டன்காரங்க. மழையிலும் குளிர்லயும் வாழ்ந்துட்டு, ரிடையர் ஆனதும் வெயிலுக்காக ஸ்பெயினுக்குப் போறது அவங்க ரொம்பக் காலப் பழக்கம். அல்மேரியா மாகாணத்துல வேரான்னு ஒரு ஊர். அங்கே ஒரு பிரிட்டன் தம்பதி, ஊர் நகராட்சிகிட்ட முறையா அனுமதி வாங்கி வீடு கட்டினாங்க. மேல இருந்த பிராந்திய அரசு, அந்த அனுமதியே தப்புன்னு ரத்து பண்ணிடுச்சு. 2008 ஜனவரியில புல்டோசர் வந்து வீட்டை இடிச்சிட்டுப் போச்சு. மிச்சம் நின்னது கார் ஷெட். அந்த வயசான ரெண்டு பேரும் அந்த ஷெட்டுல குடியிருந்தாங்க. நகராட்சி ‘சரி’ன்னு சொன்னதை இன்னொரு அரசு ‘தப்பு’ன்னு சொல்லும்னு அந்த ஊர்க்காரனுக்கு ஒருவேளை காதுல விழுந்திருக்கும். டீக்கடையில பேசிக்கிட்டிருப்பான். மொழி தெரியாதவனுக்கு அந்த டீக்கடைப் பேச்சு கிடைக்காது.

எதிரணியில வரியைப் பத்தி ஒரு தம்பி பேசினாரு. துபாய்ல வாடகை வருமானத்துக்கு வரியே இல்லைன்னாரு. அங்கே இல்லைதான். ஆனா நீங்க அங்கே வேலையை முடிச்சு ஊருக்கு வந்துட்டா? திரும்பி வந்த முதல் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு சலுகை உண்டு. அதுக்கப்புறம் உலகத்துல எங்கே வருமானம் வந்தாலும் இங்கே கணக்குக் காட்டணும். அந்த வீட்டையே வரிப் படிவத்துல தனியா எழுதணும். மறந்துட்டா, 2015ல வந்த கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் போட வழி இருக்கு. 2024 அக்டோபர்லேருந்து 20 லட்சம் வரைக்குமான சின்ன வெளிநாட்டுச் சொத்துக்கு அந்த அபராதத்திலேருந்து விலக்கு கொடுத்தாங்க. அதுலயும் வீடு, நிலம் சேராதுன்னு எழுதிட்டாங்க. கறுப்புப் பணமே கண்ணால பார்க்காத மனுஷன், வேர்வை சிந்திச் சம்பாதிச்சு வாங்கின ஒத்தை அறை வீட்டுக்கு இந்தப் பேர் வாங்கணும்.

ஒத்தை அறை வீடுன்னு சொல்லிட்டேன். இனி நான் சொல்லப்போறது எங்க வீட்டுக் கதை. இதைச் சொல்லலாமான்னு காலையில எங்க சித்திக்குப் போன் பண்ணிக் கேட்டேன். “சொல்லு, நாலு பேருக்கு உதவும்னா சொல்லு”ன்னாங்க.

எங்கப்பாவோட தம்பி 1983ல கும்பகோணத்துலேருந்து துபாய் போனாரு. ஏ.சி. மெக்கானிக். முதல் பல வருஷம் ஒரு ரூம்ல எட்டுப் பேர். கட்டிலுக்கு மேல கட்டில். அவர் கட்டில் மேல் கட்டில். மேஸ்திரி ஆகி, சூப்பர்வைசர் ஆகியும் அதே மாதிரி ரூம்தான், ஆளு எண்ணிக்கை மட்டும் குறைஞ்சது. தங்கச்சி கல்யாணம், எங்க படிப்பு, ரெண்டு பெண் குழந்தைங்க கல்யாணம் எல்லாம் அந்த மேல் கட்டில்லேருந்து நடந்ததுதான். சித்தி ஒரு தடவைகூட அங்கே போனது கிடையாது. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ரெண்டு மாச லீவு, அதுதான் அவங்க குடித்தனம்.

2014ல சித்தப்பா ஒரு வீடு வாங்கினாரு. ஸ்டூடியோன்னு சொல்வாங்க. ஒரே அறை, அதுலயே ஒரு ஓரமா சமையல். நாலு லட்சம் திர்ஹம். அன்னிக்குக் கணக்குல அறுபது லட்சம் ரூபாய்க்கு மேல. எங்கப்பா சத்தம் போட்டாரு: “ஏன்டா, ஊர்ல அந்தக் காசுக்கு ரெண்டு வீடு கட்டலாமே!” சித்தப்பா அதிகம் பேச மாட்டாரு. அன்னிக்குச் சொன்னது இதுதான்: “31 வருஷம் அந்த ஊர்ல மத்தவங்க வீட்டைக் குளுகுளுன்னு ஆக்கியிருக்கேன்ணே. எனக்குன்னு ஒரு ரூம் வேணும். உங்க தம்பி பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போய், பாரு, இங்கதான் இருந்தேன்னு காட்டணும்.”

நடுவர் அவர்களே, அதுக்கு என்ன பதில் சொல்ல முடியும்? எங்கப்பா பேசாம எழுந்து உள்ளே போயிட்டாரு.

துபாய்ல வெளிநாட்டுக்காரர் சில பகுதிகள்ல முழு உரிமையோட வீடு வாங்கலாம்னு 2002ல அறிவிச்சாங்க, 2006ல சட்டமாக்கினாங்க. சித்தப்பா பத்திரம் சுத்தமான பத்திரம். கட்டி முடிச்ச வீடு. ஏமாத்து எதுவும் கிடையாது. அதனாலதான் இந்தக் கதையைச் சொல்றேன். ஏமாந்தவன் கதையைச் சொன்னா, ‘அவன் ஏமாளி, நான் உஷார்’னு போயிடுவீங்க. எங்க சித்தப்பா எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சாரு.

2017ல அறுபது வயசு. கம்பெனி விடை கொடுத்துச்சு. அதுவரைக்கும் அந்த ஊர்ல அவர் இருந்தது கம்பெனி விசாவுல. அது ரத்தானா அப்போ 30 நாள் அவகாசம். சொந்த வீடு இருக்கு, அதுல உட்கார உரிமை 30 நாள்! வீட்டு முதலாளின்னு விசா வாங்க ஒரு வழி இருந்தது. ஆனா அதுக்கு வீட்டு மதிப்பு பத்து லட்சம் திர்ஹம் இருக்கணும். இவர் வீடு நாலு லட்சம். சாவியை ஒரு ஏஜென்டுகிட்ட கொடுத்து வாடகைக்கு விடச் சொல்லிட்டு ஊருக்கு வந்தாரு. கட்டடப் பராமரிப்புக் கட்டணம் ஒண்ணு உண்டு, வீட்டுல ஆள் இருந்தாலும் இல்லேன்னாலும் வருஷா வருஷம் கட்டணும். வாடகையில பாதி அதுக்கும் ஏஜென்டுக்கும் போச்சு. “வர்ற டிசம்பர்ல டூரிஸ்ட் விசா எடுத்து ரெண்டு பேரும் போயிட்டு வருவோம்”னு சித்திகிட்ட சொல்லிட்டே இருந்தாரு. ஒரு டிசம்பர்ல பெரிய பொண்ணு பிரசவம். அடுத்த டிசம்பர்ல வாடகைக்கு இருந்தவரை எழுப்ப முடியலை. 2019ல நெஞ்சுவலின்னு படுத்தாரு, எழுந்திருக்கலை.

55 வயசு ஆனவங்களுக்குத் தனியா ஓய்வு விசான்னு துபாய்ல அறிவிச்சது 2020ல. சித்தப்பா போன மறுவருஷம். அதுக்கு இருபது லட்சம் திர்ஹம் சொத்து, அல்லது பத்து லட்சம் திர்ஹம் சேமிப்பு, அல்லது பெரிய மாச வருமானம் வேணும்னாங்க. அவருக்குக் கிடைச்சிருக்காதுங்கறது எங்களுக்கு ஒரு ஆறுதல். பாருங்க, எதுக்கெல்லாம் ஆறுதல் பட வேண்டியிருக்கு!

காரியம் முடிஞ்சு அந்த வீட்டைப் பத்தி யோசிச்சப்போதான் என் மூணாவது கேள்வி வந்து நின்னுச்சு. சித்தப்பா உயில் எழுதலை. அங்கே பேங்குல இருந்த வாடகைப் பணம் முடங்கிப்போச்சு. தாலுகா ஆபீஸ்ல வாரிசுச் சான்றிதழ் வாங்கினோம். அது போதாது, கோர்ட்டு காகிதம் வேணும்னாங்க. கோர்ட்டுக்குப் போனோம். அதை அரபியில மொழிபெயர்க்கணும். மாநில அரசு முத்திரை, டெல்லியில வெளியுறவு அமைச்சக முத்திரை, அந்த நாட்டுத் தூதரக முத்திரை. எந்த நாட்டுச் சட்டப்படி பங்கு பிரிக்கறதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கவே சில மாசம் ஆச்சு.

இன்னொண்ணும் அப்போதான் எங்களுக்கு உறைச்சுது. நம்ம இந்து வாரிசுச் சட்டப்படி, ஆண் இறந்தா மனைவி, பிள்ளைங்களோட அம்மாவுக்கும் சம பங்கு. எங்க பாட்டி உயிரோட இருந்தாங்க. 86 வயசு. அவங்களும் பவர் பத்திரம் கொடுக்கணும். பாட்டியை ரெண்டு பேர் தூக்கி ஆட்டோவுல உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனோம். கட்டை விரல்ல மை தடவறப்போ பாட்டி கேட்டாங்க, “ஏம்ப்பா, என் மவன் பாடுபட்ட காசுக்கு நான் எதுக்குக் கைநாட்டு வைக்கணும்? அந்தப் பொண்ணுகிட்ட கொடுத்துடுங்க.” எனக்கு அங்கே நிற்க முடியலை. வெளியில வந்துட்டேன்.

ஒரே ஒரு காகிதம் இருந்திருந்தா இத்தனையும் வேண்டியதில்லை. முஸ்லிம் அல்லாதவங்க தங்கள் சொத்துக்கு ஆங்கிலத்துலயே உயில் எழுதிப் பதிவு செய்ய துபாய் சர்வதேச நிதி மையத்துல 2015லயே ஏற்பாடு வந்துடுச்சு. அப்போ சித்தப்பா அந்த ஊர்லதான் இருந்தாரு. வீட்டை வித்தவர் சொல்லலை, பத்திரம் பதிஞ்ச இடத்துல யாரும் சொல்லலை, இவருக்கும் கேட்கத் தோணலை. உயில் எழுதுன்னா நம்ம ஆளுங்க எமனுக்குக் கடிதம் எழுதற மாதிரி பயப்படறோமே. இந்தப் பேச்சைக் கேட்கறவங்கள்ல யாருக்காவது வெளியில வீடு இருந்தா, நீங்க என் அணிக்குக் கைதட்ட வேண்டாம், இந்த வாரம் அந்த நாட்டு வக்கீல்கிட்ட உயிலைப் பத்தி ஒரு வார்த்தை கேளுங்க. 2023லேருந்து அங்கே உயில் இல்லேன்னா முஸ்லிம் அல்லாதவங்க சொத்து பாதி மனைவிக்கு, பாதி பிள்ளைங்களுக்குன்னு புதுச் சட்டம் வந்திருக்கு. அப்பவும் கோர்ட்டுப் படி ஏறித்தான் ஆகணும்.

நடுவர் (மணி அடித்து): அப்போ யாருமே வாங்கக் கூடாதுங்கறீங்களா?

அப்படிச் சொல்ல மாட்டேன் ஐயா. அந்த நாட்டுக் குடியுரிமையோ, நிரந்தரமாத் தங்கற உரிமையோ கையில இருக்கறவர் தாராளமா வாங்கட்டும். அவருக்கு அது அயல்நாடே இல்லை. நம்மளை மாதிரி விசாவை நம்பி இருக்கறவங்க, ஆசையா இருந்தா வாடகைக்கு ஒரு வருஷம் போய் இருங்க. டிசம்பர்ல துபாயைப் பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுக்கறாங்க. ஜூலையில 45 டிகிரியில தெருவுல நடந்து பார்த்துட்டுக் கொடுங்க! ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலிச்சா ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்ஷூரன்ஸ்காரன் எழுபது வயசுல என்ன கேட்கறான்னு விசாரிச்சுட்டுக் கொடுங்க. வாடகை வீடு பிடிக்கலேன்னா பெட்டியைத் தூக்கிட்டு வந்துடலாம். வாங்கின வீட்டைத் தூக்கிட்டு வர முடியுமா?

அந்த ஸ்டூடியோவை 2021ல வித்தோம். கொரோனாவுக்கு அப்புறம் விலை இறங்கியிருந்த நேரம். சித்தப்பா கொடுத்ததைவிடக் குறைவாத்தான் வந்துச்சு. அதுல வக்கீலுக்கும் முத்திரைகளுக்கும் போனது போக மீதி சித்தி பேர்ல போஸ்ட் ஆபீஸ்ல இருக்கு. மாசா மாசம் வட்டி வாங்கிக்கறாங்க.

விக்கற கையெழுத்துக்காக நான்தான் பவர் வாங்கிட்டுப் போனேன். சாவியை வாங்கறவர்கிட்ட கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் அந்த அறையில தனியா நின்னேன். சுவத்துல ஆணி அடிச்ச ஓட்டை, ஏ.சி. மட்டும் சத்தமே இல்லாம ஓடுது. அவரே மாட்டினதா இருக்கும். ஊருக்கு வந்து சித்திகிட்ட கணக்கெல்லாம் சொன்னேன். காதுல வாங்கிக்கவே இல்லை. “ஜன்னல்லேருந்து ஒரு ஓரமாக் கடல் தெரியும்னு சொல்வாரே, தெரிஞ்சுதாப்பா?”ன்னு கேட்டாங்க. நான் போனப்போ முன்னாடி இன்னொரு கட்டடம் எழும்பியிருந்தது.

“தெரிஞ்சுது சித்தி”ன்னு சொன்னேன்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை நீங்க சொல்லுங்க. (கைதட்டல்)